நான்கு தறிகள் நின்ற மத்தியானம்

1. டீக்கடையில் கேட்ட கேள்வி

ஆரணிக்கு லீவில் வந்த மறுநாள் காலை, தெருமுனை டீக்கடையில் எதிர் வீட்டுப் பச்சையப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் வயதுக்காரன். பட்டுத் தறி நெய்கிறவன். வேலூரைத் தாண்டிப் போனதில்லை. பேப்பரில் சினிமாப் பக்கம் தவிர வேறெதையும் திருப்பமாட்டான். அவன் டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"ஏம்பா, போன மாசம் மூணாவது வாரத்துல நீங்கல்லாம் எடம் மாறினீங்க இல்ல?"

நான் அப்போது பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் நாயக். எங்கள் யூனிட் வடக்கே மலைப்பக்கம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தது உண்மை. நகர்ந்தது மூன்றாவது வாரம் என்பதும் உண்மை. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாத சங்கதி அது.

"யார்ரா சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபுடிச்சிகினேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு வாட்டி மாறினீங்க. அதுக்கு முந்தி பங்குனியில ஒரு வாட்டி. சரியா, தப்பா?"

மூன்றும் சரி. சும்மா சிரித்து வைத்தேன்.

இன்று மைதானத்தில் ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டு, "சைபர் வார்னா என்னா சார், கம்ப்யூட்டர்லயே அடிச்சிக்குவாங்களா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பாடத்தின் முதல் வகுப்பு எனக்கு அந்த டீக்கடையில்தான் நடந்தது. அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டரை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

2. கத்திரி நாயக்

நான் பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் எங்கள் ஸ்டோரில் பாதிச் சாமான் ரஷ்யாவிலிருந்து வந்தது. அந்தத் தேசம் உடைந்ததும் ஸ்பேர் வருவது நின்றது. ஒரு ரேடியோ செட்டைப் பிரித்து, அந்த உறுப்புகளை வைத்து இன்னும் இரண்டை ஓட்டினோம். பிறகு, முன்பெல்லாம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசாத தேசங்களிலிருந்து புதுப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. உலகத்தில் யார் யாரோடு கூட்டு, யார் யாரோடு சண்டை என்பதைப் பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். "எவன் மாறினாலும் ஒன்று மாறாது. நம்ம லைனைக் கேட்க எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்" என்பார் எங்கள் மேஜர்.

ஜவான்கள் வீட்டுக்குப் பேச யூனிட்டில் ஓர் எஸ்.டி.டி. ரூம் உண்டு. அதற்கு நான் பொறுப்பு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு போன் பேச்சையும் கேட்பேன். இடத்தின் பெயர், நதியின் பெயர், ஆபீசர் பெயர், எது வந்தாலும் லைனை வெட்டிவிடுவேன். எங்கள் தெரு ஏழுமலையும் அதே யூனிட். ஒருநாள் அவன் பெண்டாட்டி சாந்தியிடம், "இங்க பனி கொட்டுது புள்ள" என்றான். அதற்கும் வெட்டினேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. யூனிட்டில் எனக்குப் பெயரே கத்திரி நாயக். எனக்கு அதில் பெருமை வேறு.

பையன்கள் என்னைத் திட்டாமல் வாழ்த்தியது ஒரே ஒரு காரியத்துக்கு. யூனிட் நகர்ந்தால் புது இடத்துக்கு லைன் இழுத்து முடிக்க மூன்று வாரம் ஆகும். அதனால் நகர்வதற்கு முதல் நாள் எல்லோருக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுக்கலாம் என்று மேஜரிடம் யோசனை சொன்னேன். கிளம்புவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, குரலைக் கேட்டால் போதும். மேஜர் சம்மதித்தார். அந்த வருஷ ஹவில்தார் பிரமோஷன் லிஸ்டில் என் பெயரும் ஏறியது.

3. தறிக்குழியில் உட்கார்ந்து கேட்டது

டீக்கடையிலிருந்து பச்சையப்பன் வீட்டுக்கே போனேன். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்தான்.

"எப்படிடா கண்டுபுடிச்ச? வெளையாடாத, சொல்லு."

"உக்காரு. பேசாம கேளு."

உட்கார்ந்தேன். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது மொத்தமாக ஒரே சத்தம். அவனுக்கு அப்படியில்லை. "இது உங்க மல்லிகா தறி. அந்தாண்ட சாந்தி. மூணாவது, நாலாவது அந்த ரெண்டு மிலிட்டரி ஊடு" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னான். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர் அந்த யூனிட்டில் இருந்தோம். நான்கு பேர் பெண்டாட்டிகளும் வீட்டில் கூலிக்கு நெய்தார்கள். யார் வீட்டிலும் போன் கிடையாது. போன் வந்தால் முனை பூத் ஜீவா அக்கா வாசலில் வந்து நின்று கூப்பிடுவாள்.

"போன் வந்தா தறி நிக்கும். வாரத்துல ஒண்ணு நிக்கும், ரெண்டு நிக்கும். திடீர்னு ஒரு நாளு மத்தியானம் நாலும் ஒண்ணு மாத்தி ஒண்ணு நிக்கும். அப்புறம் மூணு வாரம் ஒண்ணும் நிக்காது. அப்படின்னா என்னா அர்த்தம்?"

"நீயே சொல்லு."

"போறதுக்கு முந்தி சொல்லிகினு போறீங்க. போன எடத்துல போன் இல்ல. இதுக்குக் காலேஜா படிக்கணும்?"

நான் வார்த்தைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். இவன் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், குழியில் உட்கார்ந்த இடத்திலேயே எங்கள் நகர்வைச் சொல்லிவிட்டான். யூனிட்டில் நூறு பேர். அந்த நூறு போன் கால்களும் ஒரே நாளில் மலையிலிருந்து கிளம்பி நாடு முழுக்கப் போகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பவனுக்குத் தமிழ் எதற்கு, இந்தி எதற்கு? எண்ணத் தெரிந்தால் போதும். எங்கள் வண்டிகள் எந்த நாள் மலைப்பாதையில் வரும் என்று குண்டு போடக் கணக்குப் போட்டுவிடுவான்.

வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டி மல்லிகாவிடம், இது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"எதிர் ஊட்டு அண்ணன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். போன் வரலன்னா சாந்தி சோறு துண்ணாம உக்காந்துகினு இருப்பா. அண்ணந்தான் வந்து, 'அவங்க எடம் மாறிகினு இருக்காங்க, இருவது நாள்ல போன் வரும் பாரு'ன்னு சொல்லும். அதே மாதிரி வரும்."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் திரும்பிப் போன பத்து நாளில் யூனிட் மறுபடி நகர வேண்டும். அதற்கு முன் மேஜரிடம் சொன்னால், ஓட்டையை உண்டாக்கியது என் யோசனை என்று என் வாயாலேயே சொன்னதாகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பச்சையப்பன் எல்லை கடந்து போய்ச் சொல்லப்போவதும் இல்லை. இப்படியெல்லாம் மனசு சமாதானம் தேடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"சொன்னா ஹவில்தார் போயிடுமா?" என்று மல்லிகா கேட்டாள்.

"போயிடும்."

"சொல்லாட்டி?"

என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"அந்த வண்டியில நீங்களும்தான உக்காந்துகினு போவீங்க? சொல்லிடுங்க. சட்டைக் கையில அந்த ஸ்ட்ரைப்ப அடுத்த வருஷம் தெச்சிக்கலாம்."

லீவு இன்னும் நான்கு நாள் இருக்கும்போதே ரயிலேறினேன்.

4. இரண்டு ரெஜிஸ்டர்

மேஜர் பேசியது இந்தி. நான் நம்ம பேச்சில் எழுதுகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் போன் ரெஜிஸ்டரை வரவழைத்தார். யூனிட் நகர்ந்த ரெஜிஸ்டரைத் தன் அலமாரியிலிருந்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். மூன்று நகர்வு. மூன்றுக்கும் முதல் நாள் போன் ரெஜிஸ்டரில் பக்கம் பக்கமாகப் பெயர். பிறகு வெறும் தாள்.

"இதைக் கண்டுபுடிச்ச ஆளு எந்த டிரெயினிங் எடுத்தவன்?"

"எட்டாவது ஃபெயில் சாப். நெசவாளி."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உன் யோசனை. ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டது நான். இந்த வருஷம் உன் பேரு லிஸ்டுல இருக்காது. என் ரிப்போர்ட்டுலயும் இது ஏறும். சரியா?"

"சரி சாப்."

"போனை மூடிட்டா பசங்க செத்துடுவாங்க. வேற வழி சொல்லு. சொல்லாம இங்கேருந்து போகாத."

அங்கேயே நின்று யோசித்தேன். என்னைக் காப்பாற்றியது தறிச் சத்தம்தான். தெருவில் தறி நிற்பதை நிறுத்த முடியாது. ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி நின்றால் பச்சையப்பனால் என்ன சொல்ல முடியும்? அதையே சொன்னேன். நகர்ந்தாலும் நகராவிட்டாலும் தினம் இத்தனை போன் கால் என்று கட்டிவிட வேண்டும். முதல் நாள் கூட்டம் கிடையாது. யூனிட் கிளம்பினாலும் பழைய இடத்தில் காவலுக்குச் சில பேர் தங்குவார்கள். அவர்கள் அதே எண்ணிக்கையில், கிளம்பியவர்கள் வீட்டுக்கெல்லாம் பேச வேண்டும்.

அடுத்த நகர்வு அப்படித்தான் நடந்தது. மலைப்பாதையில் வண்டிகள் ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. ஆரணியில் மல்லிகாவுக்கு போன் போட்டவர் எங்கள் லங்கர் சமையல்காரர், பாலக்காட்டுக்காரர். "சேச்சி, அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, வேறொண்ணும் இல்லா. நல்லா சாப்பிடறார்" என்று மூன்று நிமிடம் அரைத் தமிழில் பேசியிருக்கிறார். "உங்க தொண்டைய விட அவரு பேச்சு நல்லா இருந்துச்சி" என்று மல்லிகா பிற்பாடு கிண்டல் செய்தாள்.

அடுத்த லீவுக்குக் கிளம்பும்போது மேஜர் தன் பச்சைக் கம்பளி ஜெர்சியை மடித்து என் கையில் கொடுத்தார். "அந்த நெசவாளிக்கு. எதுக்குன்னு சொல்லாத."

ஆரணி வெயிலில் கம்பளி ஜெர்சி. பச்சையப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எதுக்குடா இது?"

"மிலிட்டரியில பழைய சாமான் குடுப்பாங்க. வெச்சிக்க. சரி, இப்ப சொல்லு பாக்கலாம், இந்த வாட்டி எப்ப எடம் மாறினோம்?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். "தெரியலப்பா" என்றான். எனக்கு மெடல் குத்தியது போல இருந்தது.

5. சாப்பாட்டு நேரத்தில் பேசிய கம்ப்யூட்டர்

ஹவில்தார் ஸ்ட்ரைப் ஒரு வருஷம் தள்ளி வந்தது. ஆனால் அதே மேஜர் எழுதிக்கொடுத்த சிபாரிசில் என்னைக் கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு அனுப்பினார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு நெட்வொர்க் ரூமில் உட்கார்ந்தேன். என்னோடு இருந்தவர்கள் இங்கிலீஷில் வெளுத்து வாங்கும் இன்ஜினீயர் பையன்கள். எனக்கு புரோகிராம் எழுத வராது. தினமும் எந்த மெஷின் எந்த நேரத்தில் எவ்வளவு வெளியே அனுப்புகிறது என்ற லாக் பதிவை மட்டும் பார்ப்பேன்.

ஒரு மெஷின் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு என்னவோ அனுப்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒரு மணிக்கு எல்லோரும் லங்கரில் தட்டோடு நிற்போம். ஆளில்லாத தறி எப்படி ஓடும்? கேப்டனிடம் சொன்னேன். மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். யாரோ பாட்டு கேட்கப் போட்ட சி.டி.யில் ஒரு புரோகிராம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கடிதங்களைப் பிடித்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. எந்தத் தேசத்துக்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"இதை எங்கே படிச்சீங்க?" என்று அந்த இளம் கேப்டன் கேட்டார்.

"ஆரணியில சாப்" என்றேன். அப்படி ஓர் இன்ஸ்டிட்யூட் எங்கே இருக்கிறது என்று தேடினாரோ என்னவோ.

6. ஜெர்சி

சுபேதாராக ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தேன். அந்த மார்கழியில் ஒரு காலை பச்சையப்பன் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் அதே பச்சை ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தான். முழங்கை இரண்டிலும் பட்டுத்துணி ஒட்டுப் போட்டிருந்தது. இனி சொல்வதில் தப்பில்லை என்று நினைத்தேன். தொண்டையைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"பச்சையப்பா, அந்த ஜெர்சிய எதுக்குக் குடுத்தாங்கன்னா..."

அவன் தறியில் குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தவே இல்லை.

"தெரியும்பா. இது வர்றதுக்கு முந்தியே தறிங்க தெனம் ஒரே கணக்கா நிக்க ஆரம்பிச்சிடுச்சி. நான் ஒங்கிட்ட சொன்னேன், நீ அங்க போய்ச் சொன்ன, அவங்க மாத்திட்டாங்க. அதான?"

"அப்ப அன்னிக்கு ஏன் தெரியலன்னு சொன்ன?"

"எப்ப மாறினீங்கன்னு நெஜமாவே தெரியலப்பா. போன் நிக்காம வந்துகினே இருந்திச்சி, சாந்தியும் சோறு துண்ணுகினு இருந்தா. அதுக்கு மேல நமக்கு எதுக்கு?"

தம்பிகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பேசாமல் இருந்தால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் தப்பை ஒருவன் காட்டினால், ஸ்ட்ரைப் போனாலும் பரவாயில்லை, போய்ச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதால்தான் நான்கு தறிக்காரிகளுக்கும் புருஷன் திரும்பி வந்தான் என்று இன்றுவரை நம்புகிறேன். அன்று பச்சையப்பனிடம் நன்றி சொன்னேன். "நாடா ஓடிகினு இருக்குது, தள்ளி உக்காரு" என்றான்.