என் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய எஞ்சின்

என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க இன்று ஆரோவில்லிலிருந்து ஒருவர் வந்தார். கடலோர உப்புக்காற்று காரின் அடிச்சட்டத்தைத் தின்று முடிப்பதற்குள் அதை விற்றாக வேண்டும்.

வண்டி, பழைய மாடலைப் பார்த்துச் செய்த நகல்தான். ஆனால் எஞ்சின் பிரெஞ்சுக்காரர் காலத்து அசல், கவர்னரே ஓட்டிய காரிலிருந்து எடுத்தது. அதனால் விலை இரண்டு பங்கு என்றேன்.

அவர் பானெட்டை மெதுவாக மூடினார். "அசல் கார்ல இருந்தா மதிப்புங்க. நகல்ல இருந்தா, பார்ட்ஸ் கிடைக்காத பழைய எஞ்சின், அவ்ளோதான்."

டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மச்சினன் உப்பளம் வைத்திருக்கிறான். "மாமா, காரை நீயே வெச்சுக்கோ. எஞ்சினை மட்டும் குடு, பாத்திக்குத் தண்ணி இறைக்கணும்."

காலையிலிருந்து அந்த எஞ்சினுக்கு மரியாதை கொடுத்தவன் அவன் ஒருவன்தான். சரியென்று தலையாட்டிவிட்டேன்.

எஞ்சின் இல்லாத சிவப்புக் கார் யாருக்காவது வேண்டுமா?