துலாவில் ஏறாத கால்கள்

கோபத்தோடு பேனையைத் தொடாதேயுங்கள் என்று என் மனைவி வழக்கமாகச் சொல்வாள். இந்த வாரம் அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை. எங்கள் பங்குக் கிணற்றில் என்னுடைய தண்ணீர் முறை. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையோடு கிணற்றடியில் நிற்கிறேன். நிற்கிறேன்... நின்றுகொண்டே இருக்கிறேன். ஒருவரையும் காணோம்.

துலாக் கிணற்றில் இறைத்தவர்களுக்குத் தெரியும் – தனி ஆளாய் அங்கே ஒன்றும் நடக்காது. கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும் துலா மரத்தில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டையைப் பிடித்துத் தண்ணீர் அள்ளி ஊற்ற ஒருவர், வாய்க்காலில் நின்று வரம்பை வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. அப்படித்தான் பண்டத்தரிப்பில் புகையிலை வளர்கிறது. எனக்குத் துலா மிதிப்பவர் பக்கத்துத் தோட்டத்துக் கந்தையா அண்ணை. தண்ணீர் மாறுவது அவருடைய தம்பி. பதினொரு வருடத்தில் இருவரும் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை.

வேலியால் எட்டிப் பார்த்தேன். அண்ணை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வரேல்லையோ?"

அவர் நிமிரவே இல்லை. "என்னைக் கேக்காதேங்கோ வாத்தியார். உங்கடை முறைக்கு ஒருத்தரும் துலாவிலை ஏறக்கூடாதெண்டு ஊர்க் கூட்டத்திலை முடிவெடுத்தாச்சு. நானும் தம்பியும் கையெழுத்து வைச்சிட்டம்."

நான் செய்த குற்றம் என்ன? சொல்கிறேன். என் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். கள் இறக்குகிறவர்களின் பிள்ளைகள். மற்றவர்களுக்கு இருக்க வாங்குப் பலகை, அவர்களுக்கு மண். எல்லாரையும் சமமாக இருத்தவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து எத்தனையோ மாதம். பல பள்ளிக்கூடங்களில் அந்த உத்தரவு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் அதை எடுத்து வாசித்துவிட்டேன். ஐந்து பேரையும் வாங்கில் ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான்!

உடனே, இது சைவக்காரர் செய்த வேலை என்று என் கிறிஸ்தவ வாசகர்கள் தலையாட்ட வேண்டாம். கூட்டத்தைக் கூட்டியவர் செல்லத்துரையர். எங்கள் சபையில் முன் வாங்கில் இருப்பவர். ஞாயிறு தவறாமல் கோட் போட்டு வருபவர். கோயிலுக்குப் போகிறவர்களும் சபைக்கு வருகிறவர்களும் இந்த ஊரில் ஒன்றாக இருந்து எடுத்த ஒரே தீர்மானம் இதுதான். என்ன ஒற்றுமை, பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. வாசலில் வைத்து செல்லத்துரையர் என் கையைப் பிடித்தார்.

"மாஸ்டர், உமக்காக நாங்கள் எல்லாரும் ஊக்கமாய்ச் செபிக்கிறம். அந்தப் பிள்ளையளைப் பழையபடி கீழை இருத்தும். புதன்கிழமையே உம்மடை துலாவிலை ஆள் ஏறும்."

சற்று முன்புதான் அந்தக் கை திருவிருந்தின் அப்பத்தையும் இரசத்தையும் வாங்கியது. எனக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை எரிந்தது. செபிக்க முழங்கால் மடங்குகிறது... துலாவில் ஏற மட்டும் அந்தக் கால் வராதாம்! பகைவன் கல்லால் எறிந்தால் தாங்கலாம். செபத்தால் எறிகிறவனை என்ன செய்வது?

அன்று மாலை விளக்கு வைத்து, குடும்ப செபத்துக்கு முழங்காலில் நின்றோம். எங்களுக்குத் தீமை செய்கிறவர்களை மன்னியும் என்று சொல்லவேண்டிய இடம் வந்தது. வாய் வரவில்லை. பொய் சொல்வானேன் – செல்லத்துரையரின் கால் முறிய வேண்டும் என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

என் மனைவி அன்னம்மா கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ... அந்தாளின்ரை கால் முறிஞ்சால் எங்கடை புகையிலைக் கண்டுக்குத் தண்ணி வருமே?"

"வராது."

"பிறகென்னத்துக்கு அதைக் கேக்கிறியள்? எங்கடை காலுக்குப் பெலன் கேளுங்கோ."

"அப்ப அவரை மன்னிக்கச் சொல்லுறீரோ?"

"அது பேந்து. முதல்லை தண்ணி."

இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான பிரசங்கம் கேட்டதில்லை. கண்ணை மூடிப் பெலன் கேட்டேன். கோபம் போகவில்லை. ஆனால் பயம் போய்விட்டது. அதுவரை நான் பயந்துகொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து பிள்ளைகளையும் திரும்ப நிலத்தில் இருத்தினால் என்ன என்று, தேவாலய வாசலிலிருந்து வீடு வரும்வரை மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தவன் நான்தான்.

புதன்கிழமை விடிந்தது. புகையிலைக் கண்டுகள் தலை தொங்கிப் போயிருந்தன. இந்த முறையும் தவறினால் தோட்டம் முடிந்தது. நான் பட்டையை எடுத்தேன். அன்னம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பக்கத்தில் கைப்பிடியாகக் கட்டிய மூங்கிலைப் பிடித்தபடி துலாவில் ஏறிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் துலாவில் ஏறிய கதையை நான் கேள்விப்பட்டதில்லை. விழுந்தால் கிணறு. அவள் கிணற்றுப் பக்கம் இரண்டு அடி வைத்தாள், பட்டை இறங்கியது. திரும்பி நடந்தாள், பட்டை ஏறியது. அவளுடைய பாரம் போதாமல் பாதிப் பட்டைதான் வந்தது. வந்தால் போதாதா? பாடத் தெரிந்த ஒரு கீர்த்தனையை மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பாடிக்கொண்டே மிதித்தாள்.

தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. ஆனால் மாற ஆள்? முதல் பாத்தி நிரம்பி வழிகிறது. நான் பட்டையை விட்டுவிட்டு ஓடவா?

அப்போது வேலியில் ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் கந்தையா அண்ணை நுழைந்தார். தோளில் மண்வெட்டி. நேரே வாய்க்காலில் இறங்கி வரம்பை வெட்டினார்.

"அண்ணை, கையெழுத்து வைச்சனீங்கள் எல்லோ?"

"ஓம், வைச்சனான். துலாவிலை ஏறக்கூடாதெண்டுதான் அதிலை எழுதிக்கிடக்கு. தண்ணி மாறக்கூடாதெண்டு ஒரு எழுத்தும் இல்லை, வாத்தியார். வடிவாய் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் வாறன்."

ஊரையே கூட்டித் தீர்மானம் எழுதிய பெரிய மூளைகள், துலாவை மட்டும் தடுத்துவிட்டு வாய்க்காலை மறந்துபோனார்கள்! நெற்றியில் திருநீறு பூசிய மனிதர் என் வாய்க்காலில் நின்றார். என்னோடு அப்பம் பங்கிட்ட ஒருவர்கூட வரவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், என் சபையார் வாசிக்க வேண்டும்.

மாலையில் செல்லத்துரையர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன மாஸ்டர் இது? பொம்பிளையைத் துலாவிலை ஏத்தினனீரோ? எங்கடை சபையின்ரை மானம் போச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் அன்னம்மா உள்ளே இருந்து வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நொண்டி நொண்டித்தான் வந்தாள்.

"நீங்கள்தானே ஐயா எங்களுக்காகச் செபிச்சனீங்கள்? ஆண்டவர் கேட்டிட்டார். அதுதான் ஏறினனான்."

அவர் திரும்பிப் போனார். படலையைக்கூடச் சாத்தவில்லை.

அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்கிறீர்களா? இன்னும் இல்லை. முயன்றுகொண்டிருக்கிறேன். எங்களுடைய அடுத்த தண்ணீர் முறை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அன்னம்மா காலுக்கு எண்ணெய் போடுகிறாள்... ஐந்து பிள்ளைகளும் வாங்கில்தான் இருக்கிறார்கள்.