பதினொரு மணி ஓடிபி

எங்கள் தெருவில் வருமான வரி ரீஃபண்ட் வராமல் தவிப்பவர்கள் நேராக, வரி ஃபாரம் நிரப்பித் தரும் ஃபாரம் அக்காவிடம்தான் ஓடுவார்கள். என் ஜெராக்ஸ் கடையை ஒட்டிய அறைதான் அவருக்கு ஆபீஸ். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவருக்கு ஒரு நாற்காலி. இரண்டாவது ஆள் வந்தால் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதைத் திருப்பித் தரும் வழக்கம் யாருக்கும் இல்லை.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ரிட்டர்ன் போட்டா மட்டும் போதாதுங்க. ஓடிபி வாங்கி உறுதி பண்ணணும். முப்பது நாள் தாண்டினா போட்டதே செல்லாது" என்று எல்லோரையும் விரட்டுவார். பணம் வந்ததா என்று தினமும் நச்சரிக்கும் டெய்லரிடம், "வந்தா உங்க பேங்க் சொல்லும். என் மூஞ்சியில எழுதியிருக்காது" என்பார்.

அப்படிப்பட்டவர் தன்னுடைய ரிட்டர்னை உறுதி செய்யாமல் இருபத்தெட்டு நாள் போட்டு வைத்திருந்தார். ஒரு தாள் வாங்கப் போனபோது திரையில் பார்த்துவிட்டேன். அவர் பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் கம்பெனி பிடித்த வரி திரும்பி வந்தால், இரண்டு மாத வாடகைக்கு ஆகும். எனக்கு எரிச்சலாக வந்தது.

"எங்களை மட்டும் விரட்டுறீங்க. உங்களுது ஏன்க்கா இப்படிக் கெடக்கு?"

"ஓடிபி அவன் நம்பருக்குப் போகுது."

அவன் என்றால் மகன். வரி வெப்சைட்டில் அக்காவுக்கு முதலில் கணக்குத் திறந்து கொடுத்தபோது தன் நம்பரைப் போட்டிருந்தான். போன வருடம் வேலையை விட்டு வந்து நின்றவனை, "சும்மா உக்காந்து தின்ன இது என்ன சத்திரமா?" என்று கேட்டுவிட்டார் அக்கா. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டான். பேசிப் பத்து மாதம் ஆகிறது.

"நம்பரை மாத்திடுங்களேன். எங்களுக்கெல்லாம் பத்து நிமிஷத்துல மாத்தித் தர்றீங்க" என்றேன். அவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. அக்கா ஓடிபி அனுப்பும் பட்டனை அமுக்கினார். பிறகு போனை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டெய்லர் கேட்டதற்குக்கூட, இருங்க என்று கையைத்தான் காட்டினார். ஓடிபிக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஆயுள். அது முடிந்ததும், "அடுத்தது யாருங்க?" என்றார். இத்தனை நாளும் இதுதான் நடந்திருக்கிறது. கூப்பிட்டுப் பேச வாய் வராமல், தினம் ஒரு தரம் மகனுடைய போனில் மெசேஜ் விழ வைத்திருக்கிறார். நம்பரை மாற்றச் சொன்ன என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முப்பதாவது நாளும் பட்டனை அமுக்கினார். ஒன்பது நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. அக்கா அதை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தினம் வருதும்மா. நீயே கேப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான் மகன். "இன்னியோட முப்பது நாள். சொல்றேன், போட்டுக்கோ."

ஆறு எண்களையும் சொன்னான். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டினார். உறுதி செய்யப்பட்டது என்று திரையில் வந்துவிட்டது.

"சரியா கேக்கலடா" என்றார் அக்கா. "இன்னொரு தரம் சொல்லு. மெதுவா."