வேடந்தாங்கலில் தொங்கிய மூக்கு: சின்ன கேமராவில் மூன்று கிலோ லென்ஸ்

“பெரிய லென்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது, என்னுடைய சின்ன கேமராவில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போகலாமா?” என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். நான் போன மாதிரி மட்டும் போகாதீர்கள்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சிறுசேரி ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரன் பிரபு, தன் 600 எம்எம் லென்ஸை இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தான். எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். கேமராவோ 380 கிராம், கூட இரண்டையும் இணைக்க ஒரு அடாப்டர். அந்தக் கேமராவும் என்னுடையது இல்லை, என் மனைவி ஷீலாவுடையது. பிறந்தநாள், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று குழந்தைகளைப் படமெடுப்பது அவள் தொழில். மறுநாள் ஞாயிறு காலை ஏழரைக்குச் செங்கல்பட்டில் ஒரு ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. அந்தக் குடும்பம் ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

“எட்து போ. ஆனா ஒரு கீறல் வுழுந்துச்சு, வூட்டுப் பக்கம் வந்துராத. எனக்கு வேற கேமரா கெடயாது” என்றாள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது தவறுக்கு வருகிறேன். இந்த மாதிரி கனமான லென்ஸின் நடுவில் காலர் என்று ஒரு வளையம் இருக்கும். அதற்குக் கீழே ஒரு கால். டிரைபாடில் அந்தக் காலைத்தான் பொருத்த வேண்டும். அப்போது லென்ஸ் டிரைபாடில் உட்காரும், கேமரா அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் எங்கள் சிறுசேரிக் கூட்டத்துக்கு ஊட்டியானாலும் ஆஸ்பத்திரியானாலும் ஒரே பைதான், வேலையில் சேர்ந்த அன்று கம்பெனி கொடுத்த லேப்டாப் பை. லென்ஸை அதில் வைத்தேன். கால் முட்டிக்கொண்டு ஜிப் மூடவில்லை. வேறு பை எடுக்கத் தோன்றவில்லை, காலைக் கழற்றத்தான் தோன்றியது! நான்கு திருகாணிகளையும் கழற்றி, காலை ஷோகேஸில் டம்ளர்களுக்கு நடுவே வைத்துவிட்டேன். ஜிப் அழகாக மூடியது. எனக்கு ஒரே பெருமை.

ஊரப்பாக்கத்தில் காலை 5.05 மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய், செங்கல்பட்டில் இறங்கும்போது 5.45. ஸ்டேஷன் வாசலில் வெங்கடேசன் காருடன் நின்றிருந்தார். வார நாட்களில் எங்கள் ஆபீஸ் கேப் ஓட்டுபவர், சனிக்கிழமைகளில் வெளிச் சவாரி. நாள் வாடகை டீசலோடு 2,800 ரூபாய். டீ பதினைந்து ரூபாய். படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பி, மொத்தம் முப்பது கிலோமீட்டர் ஓடி, 6.40-க்கு வேடந்தாங்கல்.

ஏரிக்கரைமேல் டிரைபாடை விரித்தேன். காலர் இருக்கிறது, கால் இல்லை. அதனால் கேமராவின் அடியை டிரைபாடில் திருகி, முன்னால் லென்ஸை மாட்டினேன். அதாவது, இரண்டு கிலோ தொள்ளாயிரமும் கேமராவின் முன்முகத்தில் உள்ள மவுண்ட் என்ற ஒரு மெல்லிய உலோக வளையத்தில் தொங்கியது. அந்த வளையத்தைப் பிடித்திருப்பவை எறும்பு அளவு திருகாணிகள்.

வெங்கடேசன் சுற்றிவந்து பார்த்தார். “இன்னா சார், பீரங்கி மாரி கீது.” பிறகு தலையைச் சாய்த்து, “மூக்கு தொங்குது பாரு சார்” என்றார்.

“பெரிய லென்ஸ்னா அப்படித்தாங்க இருக்கும்” என்றேன். எட்டு வருடமாக மற்றவர்கள் செய்த மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

மரமெல்லாம் கூழைக்கடாவும் நத்தைகொத்தி நாரையும். காலை வெளிச்சம் பிரமாதம். முப்பது படம் எடுத்திருப்பேன். பறவை பார்க்கும் கோபுரத்துப் பக்கம் இன்னும் நன்றாகத் தெரியும் என்று, எதையும் கழற்றாமல் டிரைபாடை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் லென்ஸ் மேலும் கீழும் ஆடியது. நூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், காதருகே ‘டிக்’ என்று ஒரு சத்தம். இறக்கி வைத்துப் பார்த்தால், லென்ஸ் இணைக்கப்படவில்லை என்று திரையில் வருகிறது. லென்ஸை லேசாக அசைத்தேன். ஆடும் பல் மாதிரி ஆடியது.

“நான் சொன்னேன்ல?” என்றார் வெங்கடேசன். சொன்னார்தான். அதனால்தான் அவ்வளவு எரிச்சல் வந்தது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் அறுபது கிலோமீட்டர். மதியம் கடற்கரையில் ஆலா என்ற கடற்பறவைகளைப் படமெடுப்பதாகத் திட்டம். திரும்பிப் போனால் ஷீலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் திட்டப்படியே போனோம். வழியில்தான், பிரபு வியாழக்கிழமையே அனுப்பி நான் முழுதாகக் கேட்காமல் விட்ட பன்னிரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். ஏழு நிமிடம் அவன் அந்த லென்ஸை வாங்கிய கதை. எட்டாவது நிமிடத்தில், “மச்சான், இன்னா வேணா பண்ணு, அந்தக் கால மட்டும் கழட்டிறாத.” வெங்கடேசன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, பெரிய மனது.

மாமல்லபுரத்தில் இறங்கும்போது மணி 12.20. மீன் சாப்பாடு 180 ரூபாய், ருசி எதுவும் எனக்கு நினைவில்லை. ஷீலாவின் சின்ன லென்ஸைக் கேமராவில் மாட்டி, கடை எதிரே விளம்பரம் எழுதியிருந்த மதிலை நேராக நின்று படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்வரி எழுத்துகள் கத்தி மாதிரி இருந்தன. மேல்வரி எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்த்த மாதிரி மங்கல். பத்து முறை எடுத்தேன், பத்து முறையும் மேல்பாதி மங்கல். மவுண்ட் வளைந்துவிட்டது. அந்த நேரத்தில் என் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

கடலில் ஆலாக்கள் கூட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு பையைத் திறக்கவே இல்லை. இரண்டரைக்குக் கிளம்பி நாலரைக்கு வீடு.

ஷீலா கேமராவை வாங்கி, சுவரில் இருந்த காலண்டரைப் படமெடுத்துப் பார்த்தாள்.

“இன்னாய்யா பண்ணி வெச்ச?”

சொன்னேன். ஷோகேஸைத் திறந்து, டம்ளர்களுக்கு நடுவே இருந்த காலை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இத்த வுட்டுட்டா போன?” கண் கலங்கியிருந்தது. “ஒம்போது வருசம் கழிச்சுப் பொறந்த புள்ள. அவங்களாண்ட போயி இன்னா சொல்றது நானு?” வேறு கேமரா கேட்டு நான்கு பேருக்கு போன் போட்டேன். மறுநாள் முகூர்த்த நாள், ஒருவரிடமும் இல்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். காலண்டரை இன்னும் பலமுறை எடுத்து, மங்கல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தாள். கேமராவின் திரையில் அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கோடு மாதிரி ஒட்டினாள். “எவன் தலையும் இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது” என்றாள், அவ்வளவுதான்.

ஞாயிறன்று பை தூக்கிக்கொண்டு நானும் போனேன். எல்லாப் படத்திலும் குழந்தை, அப்பா, அம்மா, ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லோரும் கீழ்ப்பாதியில். மேலே முழுக்கக் கோயில் கூரையும் கண்ணாடி ஜன்னல்களும். ஃபாதர் நல்ல உயரம். அவருக்காகவே ஷீலா ஆறு அடி பின்னால் போனாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். காலைக் கழற்றாதீர்கள், பை பத்தாவிட்டால் பையை மாற்றுங்கள். மாட்டும்போது லென்ஸை ஒரு துண்டின் மேல் வைத்து, கேமராவை அதனிடம் கொண்டுபோங்கள். இரண்டிலும் உள்ள அடையாளப் புள்ளிகளை நேர்நேராகச் சேர்த்து, ‘க்ளிக்’ கேட்கும்வரை திருப்பி, லேசாக இழுத்துப் பாருங்கள். டிரைபாடில் லென்ஸின் காலைத்தான் திருக வேண்டும். கையை எடுத்தாலும் முன்னும் பின்னும் சாயாத இடம் வரும்வரை காலை நகர்த்துங்கள். தூக்குவதும் லென்ஸைப் பிடித்துத்தான். கழுத்துவாரும் லென்ஸின் வளையத்தில் இருக்கட்டும். இடம் மாறும்போதும் கார் ஏறும்போதும் கேமராவை லென்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள், அரை நிமிட வேலை. டிரைவர் மூக்கு தொங்குகிறது என்றால் நின்று பாருங்கள். வளைந்த மவுண்டைச் சென்னையில் மாற்றிக் கொடுத்தார்கள், 4,600 ரூபாய், பதினோரு நாள்.

கேமரா திரும்பி வந்த வாரம், அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்தார். ஷீலா ஸ்பீக்கரில் போட்டாள். “அக்கா, நம்ம கோயில் இவ்ளோ ஒசரம்னு படத்தப் பாத்துதான் தெரிஞ்சுது. பாக்கறவங்கல்லாம் கேக்கறாங்க. எங்க நாத்தனார் புள்ளைக்கும் அதே மாரி, மேல மங்கலா, பெருசா எடுத்துக் குடுங்கக்கா.”

ஷீலா என்னைப் பார்த்தாள். “அதே மாரின்னா கஷ்டம்மா” என்றாள். “மொத நாளு எங்க வூட்டுக்காரர்கிட்ட கேமராவக் குடுத்து வேடந்தாங்கல் அனுப்பணும்.”