பாராட்டு வாங்கிய எர்மெக்

பிஷ்கெக்கின் ஒன்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் எர்மெக்கைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள், அவன் பூட்டைத் திறக்கும்வரை அவனையும் அவன் பரம்பரையையும் சேர்த்துத் திட்டுவார்கள். இருபது வருடம் கேட்டதில் எந்தத் திட்டும் அவனுக்கு உறைக்காமல் போய்விட்டது. இனிப்பான பேச்சுதான் ஒத்துக்கொள்ளாது. யாராவது தேனொழுகப் பேசினால், லிஃப்டில் எதையோ உடைத்துவிட்டு மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அவனுடைய கராஜில் அவனையும் சேர்த்து மூன்று பேர் கூடுவார்கள். அங்கே இருந்த காரை எப்போதோ விற்றாயிற்று. கார் நின்ற இடத்தில் இப்போது ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் ஸ்பிரிங் துருத்திய ஒரு சோபாவும் இருக்கின்றன. மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஜெங்கிஷ் டாக்சி ஓட்டுகிறான், புருல் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். புதிதாக வந்த மின்னிசை ஆல்பங்களைப் போட்டுக் கேட்டு, தொண்டை கட்டும்வரை சண்டை பிடிப்பதுதான் கூட்டத்தின் ஒரே வேலை. பக்கத்து கராஜ்காரர்கள் ஆரம்பத்தில் விலக்கிவிட ஓடிவந்தார்கள். இப்போது வருவதில்லை.

எர்மெக்கின் தீர்ப்பு எப்போதும் ஒரே சொல். "பயந்துட்டான்." நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று ஒரு டிரம் விழுந்தாலோ, இனிமையான குரல் ஒன்று எட்டிப் பார்த்தாலோ, சோபாவில் சாய்ந்தபடி அதைச் சொல்லிவிடுவான். கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று ஆல்பம் போட்டவன் நடுங்கிவிட்டானாம். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ பேருடைய வருடக்கணக்கான உழைப்பைக் குப்பையில் தள்ளியிருக்கிறான். இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

அப்படிப்பட்டவன் இந்தக் கோடையில் தானே ஓர் ஆல்பம் போட்டுவிட்டான். மூன்று வருடமாக லிஃப்ட் மோட்டாரின் முனகலையும் கம்பிவடம் இழுபடும் ஓசையையும் கதவுகள் முட்டிக்கொள்வதையும் பதிவு செய்து, அவற்றைக் கோத்து ஆறு பாட்டுகள் செய்திருந்தான். நண்பர்கள் இருவருக்கும் அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தான். வந்து பிய்த்து உதறுவார்கள் என்று பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தான்.

அவர்கள் வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை, அதுதான் வினை. கிர்கிஸ்காரர்கள் புதிதாகப் பிறந்த குழந்தையை, புது மருமகளை, ஏன், புதுக் காரைக்கூட முதன்முதலாகப் பார்க்கும்போது பார்த்ததற்குப் பரிசு கொடுக்க வேண்டும். பரிசு கொடுத்த கையோடு நல்ல வார்த்தை நாலு சொல்ல வேண்டும். தொட்டிலைப் பார்க்க வந்தவன் குழந்தைக்கு மூக்கு சப்பை என்றா சொல்வான்?

ஜெங்கிஷ் கொண்டுவந்திருந்தது ஒரு சப்பன். பஞ்சு வைத்துத் தைத்து, கரையெல்லாம் பொன்னிற வேலைப்பாடு செய்த கனத்த அங்கி. ஜூலை மாத வெயிலில், தகரக் கூரையின் கீழ், அதை எர்மெக்கின் தோளில் போர்த்திவிட்டான்.

"நல்லா இருக்கட்டும்! நூறு வயசு வாழட்டும்!"

"ஆல்பத்துக்கு எதுக்குடா வயசு?" என்றான் எர்மெக். "எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு."

"அருமை."

"எது அருமை?"

"எல்லாமே அருமைப்பா," என்றாள் புருல். பொரித்த போர்சோக் மாவு உருண்டைகளைத் தட்டில் கொட்டிக்கொண்டே சொன்னாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணாவது பாட்டு?"

"அதுவும்தான்."

எர்மெக்கின் முதுகில் வியர்வை ஓடியது. போர்த்தியதை உடனே கழற்றுவது மரியாதையில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான். "ஏழாவது பாட்டுல கதவு சாத்துற சத்தம் வருதே, அது?"

"அடடா! கதவுன்னா அதுவல்லவா கதவு!" என்றான் ஜெங்கிஷ்.

ஆறே பாட்டுதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, உண்மைதான். ஆனால் இந்தக் குஞ்சை உட்கார்ந்து கேட்கக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் கேட்கவில்லை என்று தெரிந்துபோயிற்று. இந்த கராஜில் குறை சொன்னால்தான் கேட்டதாக அர்த்தம். பாராட்டி அனுப்புவது, உள்ளே விடாமல் வாசலோடு அனுப்புவது. மூன்று வருடத்தை இப்படி வாசலோடு அனுப்பிவிட்டார்களே என்று அவனுக்கு அழுகையே வரும்போல இருந்தது.

அவர்களோ கடமை முடிந்தது என்று அடுத்ததற்குத் தாவிவிட்டார்கள். அல்மாட்டி நகரத்திலிருந்து வந்திருந்த 'உப்பு' என்ற ஆல்பம். போட்ட சற்று நேரத்துக்கெல்லாம் ஜெங்கிஷ் கையை உதறினான்.

"என்னது இது, ஒரே சுருதியா இழுக்கறான்? என் வீட்டு ஃப்ரிட்ஜ் இதைத்தான் தினமும் பாடுது. இதுக்கு அப்பன் யாரு, பாட்டன் யாரு? முன்னோர் பேரை ஏழு தலைமுறைக்குச் சொல்லத் தெரியாதவன் அடிமைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"உன் டாக்சிக்கு அப்பன் யாருடா?" என்றாள் புருல். "வலது பக்கம் ஸ்டியரிங்கை வெச்சுக்கிட்டு ஜப்பான்லருந்து வந்த அநாதை. அதுல ஏறி உட்கார்ந்துட்டு குலம் கோத்திரம் விசாரிக்கிறியா?"

"டாக்சி ஓடுதும்மா. இது ஓடவே மாட்டேங்குதே!"

"ஓடணும்னு யாரு சொன்னா? மருந்து உடனே வேலை செய்யலன்னு பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர்ற ஆளு மாதிரியே பேசற. கொஞ்சம் பொறுமையா கேளேன்."

எர்மெக் ஒரு போர்சோக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். யாரோ முன்பின் தெரியாத அல்மாட்டிப் பையன் மேல் எவ்வளவு அக்கறை! அவன் விட்ட ஒவ்வொரு மூச்சையும் எண்ணிச் சண்டை போடுகிறார்கள். தனக்கோ ஒரு பஞ்சுப் போர்வை. போர்த்திப் படுக்கவைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுகிறார்கள். மக்சிம் பாட்டிலைத் திறந்து அந்தப் புளித்த பானத்தை மடக்கு மடக்கென்று குடித்தான்.

"தைரியம்டா அது!" புருலின் குரல் உச்சத்துக்குப் போயிருந்தது. "கடைசிவரைக்கும் அந்த ஒரு சுருதியை விடல பாரு. போரடிக்குமோன்னு நடுங்கிப்போய் நடுவுல டிரம்மைக் கூப்பிடல, எர்மெக் நாலாவது பாட்டுல கூப்பிட்ட மாதிரி!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரிலிருந்து ஒற்றைச் சுருதி மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

"புருல்!" என்றான் ஜெங்கிஷ், பதறிப்போய். "அவன் சப்பன் போட்டிருக்கான்!"

எர்மெக் எழுந்தான். சப்பனைக் கழற்றிச் சுருட்டி ஜெங்கிஷின் மடியில் எறிந்தான். "இப்ப போடல. பேசுங்க."

"குடுத்த பரிசைத் திருப்பித் தரக்கூடாதுடா, ஆகாது."

"ஆகாட்டி போகட்டும். நீங்க கேட்டீங்களா, இல்லையா? ஏழாவது பாட்டே கிடையாதுடா பாவி!"

"தெரியும்டா!" ஜெங்கிஷும் கத்தினான். "நீ கேட்ட, நான் புகழ்ந்தேன்! கையில பரிசை வெச்சுக்கிட்டு வேற என்னத்தைச் சொல்ல? வாரம் பூரா என் வண்டியில உன் ஆல்பம்தான் ஓடுது. வண்டி ஏதோ ரிப்பேர்னு நெனச்சு ரெண்டு பேரு பாதியிலேயே இறங்கிட்டாங்க. ஆனா அந்த நாலாவது பாட்டு இருக்கே, அதுல மட்டும் எல்லாரும் சுகமா தலையாட்டறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

"அதுல பழைய லிஃப்ட் ஒண்ணு தனியா ஏறிக்கிட்டு இருக்கு," என்றாள் புருல், இப்போது தணிந்த குரலில். "அலுத்துப்போய், ஆனா நிக்காம ஏறுது. எனக்குக் கடையில கை அப்படியே நின்னுபோச்சு. அப்ப வந்து விழுது உன் டிரம். யாருடா கேட்டா அதை?"

"அது ஒரு மாற்றத்துக்கு..." என்று தொடங்கினான் எர்மெக். தயாராக வைத்திருந்த பதில்களில் அதுதான் முதலாவது.

"பூசி மெழுகாத."

"மத்தவங்களுக்கும் பிடிக்கணுமில்ல?"

"இதையே வேற எவனாவது சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டான் ஜெங்கிஷ்.

எர்மெக் 'உப்பு'வை நிறுத்திவிட்டுத் தன் நாலாவது பாட்டைப் போட்டான். மூவரும் வாய் மூடிக் கேட்டார்கள். வடம் இழுபட்டது. மோட்டார் முனகியபடி மாடி மாடியாக ஏறியது. அந்த லிஃப்டை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் நின்று ஒலியைப் பதிவு செய்தபோது மேலெல்லாம் புல்லரித்தது நினைவிருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து, இதை எவன் கேட்பான் என்று தோன்றியதும் நினைவிருந்தது. அன்றைக்கே கம்ப்யூட்டரில் கிடைத்த ஒரு டிரம்மை அதன் மேல் ஏற்றிவிட்டான்.

டிரம் விழுந்தது. அவனுக்கே அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. யாரும் கை நீட்டுவதற்கு முன் அவனே பாட்டை நிறுத்தினான். முகம் காது மடல்வரை சிவந்திருந்தது.

"பயந்துட்டேன்," என்றான்.

புருல் அவனைப் பார்த்தாள். ஜெங்கிஷ் மடியில் கிடந்த சப்பனை நாலாக மடித்தான். மறுபடி போர்த்திவிடப் போகிறானோ என்று எர்மெக் ஓரடி பின்வாங்கினான். ஜெங்கிஷ் அதை சோபாவில் துருத்தியிருந்த ஸ்பிரிங்கின் மேல் போட்டு, அதன் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

"சரி, அஞ்சாவதைப் போடு," என்றான். "அது இதைவிட மோசம்."