எவ்வளவுதான் சாப்பிடுவது

திருவொற்றியூர் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் எங்கள் மளிகைக் கடை இருந்தது. தெற்கிலிருந்து வந்து அப்பா போட்ட கடை. வாசலில் இறங்கும் அரிசி மூட்டையை முதுகில் ஏற்றி உள்ளே கொண்டுபோகும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. ஐம்பது தாண்டியும் அதில் எனக்கு ஒரு கர்வம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுவதோடு சரி. முட்டி வலி தாங்காமல் போனபிறகுதான் ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன்.

"எடையைக் குறைங்க. இல்லேன்னா முட்டியும் போகும், சர்க்கரையும் அடங்காது" என்றார். எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே அவ்வளவு கூட்டம்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பிடாமல் இருப்பது. காலையில் கஞ்சித் தண்ணீர், மதியம் ரசம் ஊற்றிய ஒரு கைப்பிடி சோறு, இரவில் வெள்ளரிக்காய். முட்டை கொழுப்பு, பருப்பு வாயு, மீன் என்றால் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தேன். "இப்படிப் பட்டினி கெடந்தா எங்க போய் முடியும்? சொன்னா கேக்க மாட்டேங்கீங்களே" என்று மனைவி தட்டோடு நிற்பாள். நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

எடை மளமளவென்று இறங்கியது. எங்கள் கடை வாசலில் காலையில் கூடை வைத்து மீன் விற்கும் அம்மாள்தான் முதலில் சொன்னார். "இன்னா அண்ணாச்சி, சோக்கா எளைச்சிட்டியே! மாப்ள கணக்கா கீற." சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் ரகசியம் கேட்டார்கள். பசியில் காதடைத்துக்கொண்டிருக்கும், ஆனாலும் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினேன்.

ஒருநாள் கீழ்த்தட்டிலிருந்து உளுந்து எடுக்கக் குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. அலமாரியைப் பிடித்து எம்பினேன். தொடை நடுங்கியதே தவிர உடம்பு மேலே வரவில்லை. மீன்கார அம்மாள் பார்த்துவிட்டு ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். "காலு குச்சியாட்டம் கீது! துண்றியா இல்லியா நீ?" என்று திட்டினார். அன்று வந்த அரிசி மூட்டையை நான் அசைத்ததோடு சரி. சாயங்காலம் வரை அது வாசலிலேயே கிடந்தது. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்த காற்றில் அதன்மேல் சாம்பல் படிந்திருந்தது.

மனைவி என்னை ஒரு உணவு ஆலோசகரிடம் அழைத்துப்போனாள். சின்னப் பெண். நான் சாப்பிட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "கொழுப்பு மட்டும் போகலை சார். சதையும் சேர்ந்து கரைஞ்சிருக்கு. எடை குறைக்கிறப்பதான் புரோட்டீன் கூடுதலா வேணும்." உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அதையும் மூன்று வேளைக்குப் பிரித்து, கூடவே கால்களுக்குப் பயிற்சி என்றார். நூறு கிராம் மீனில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். "கிட்னிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. அதைப் பாத்துட்டு அளவை முடிவு பண்ணலாம்."

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று மனைவி சங்கரா மீன் குழம்பு வைத்தாள். அவ்வளவு நாள் கழித்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. கடை நிறையப் பயறும் கொண்டைக்கடலையும் முட்டையும் இருக்கின்றன, தேறிவிடலாம் என்று நினைத்தேன். மனைவி அப்போதே மறுநாளைக்குக் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் அந்தப் பெண் எங்களைச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இது பட்டினியால வந்ததில்ல. சர்க்கரை பல வருஷமா உள்ள அரிச்சிருக்கு. அந்தப் பொண்ணு பொதுவாச் சொன்ன அளவு உங்களுக்கு ஆகாது. கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் கீழதான் நிக்கணும்" என்றார்.

"கரைஞ்ச சதை?"

"இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். போனது முழுசா வராது."

"குறைச்சா சதை போகுது, கூட்டினா கிட்னி போகுதுங்கீங்க. அப்ப நான் எவ்வளவுதான் சாப்பிடறது?" கோபமாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

இப்போது ஒரு வேளைக்கு ஒரு முட்டையின் வெள்ளை, இல்லாவிட்டால் ஒரு சின்னத் துண்டு மீன். சாப்பிட்டு முடித்தபிறகும் உட்கார்ந்தே இருப்பேன். மனைவி சட்டியை மூடி உள்ளே வைத்துவிடுவாள்; பிறகு அடுப்படியிலிருந்து நெடுநேரம் வெளியே வரமாட்டாள். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும் பயிற்சியை விடாமல் செய்கிறேன். கால்கள் தேறவில்லை. மோசமாகவில்லை என்கிறார் மருத்துவர். மூட்டை தூக்க ஆளில்லாத கடையை ஊர்க்காரர் ஒருவருக்கே கைமாற்றிவிட்டோம். அந்தத் தெரு வழியாக நான் இப்போது போவதில்லை; ஸ்டேஷனுக்குக்கூடச் சுற்றித்தான் போகிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகையில் ஸ்டேஷன் மேம்பாலத்தின் பாதிப் படியில் நின்றுவிட்டேன். மனைவி என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப பாரமா இருக்கேனா?"

"ஒங்ககிட்ட இனி எங்க பாரம் இருக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

கீழே கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்று, கிளம்பிப் போனது. நாங்கள் அடுத்த படியில் கால் வைத்தோம்.