அம்மாவுக்கு மகள் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய மலர் இது. மூன்றாம் ஆண்டில் வருகிறது. தாமதத்துக்குக் காரணமானவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முன்னும் பின்னும் புரட்டிப் படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல், இந்தக் கட்டுரையை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

அம்மா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் இரண்டாவது பெண்ணாகப் பிறந்தார். பிறந்த தேதியை இங்கே போட முடியவில்லை. ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, குடும்ப அட்டையில் இன்னொன்று. பிறப்புப் பதிவைத் தேடிப் போனால், அப்படி ஒரு பிறப்பு பதிவாகவில்லை என்று முத்திரை குத்தி ஒரு சான்று கொடுத்தார்கள். எண்பதை நெருங்கும்வரை வாழ்ந்து, ஊரையே வாயால் அதட்டி வைத்திருந்த ஒருவர் பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடைத்தது.

அவிநாசிப் பக்கம் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தார். தாலுகா அலுவலகத்தில் திருமணச் சான்று கேட்டார்கள். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் அருமைக்காரர் முன்னின்று சீர் செய்து வைத்தால் கல்யாணம் முடிந்தது. பதிவு அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. அதையும் விளக்கி மனு எழுதினேன். அம்மா இறந்ததற்கான சான்று மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தது. விண்ணப்பத்தில் "உறவு: மகள்" என்று நான் எழுதியதை அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தவர் என் அண்ணன். அப்பாவின் அண்ணன் மகன். வாரிசுச் சான்றிதழுக்கு நான் மனுப் போட்ட செய்தி தெரிந்ததும் தாலுகா அலுவலகத்துக்குப் போய், "சின்னம்மாவுக்குப் பிள்ளை கிடையாது, இவர் அங்கே வளர்ந்த பெண்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் காரியத்துக்கு வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போன அதே அண்ணன்தான். கிணற்றடித் தோட்டத்தின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அப்பா போன பிறகு கிணற்றில் எங்கள் முறைக்குத் தண்ணீர் எடுக்கவிடாமல் மோட்டாரை நிறுத்தி வைத்த வீடு அது. அம்மா கிணற்று மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்து தன் முறையை வாங்கினார். பருத்தியும் மாடும் வைத்து என்னைப் படிக்க வைத்ததும், துடியலூரில் எனக்கு வேலை கிடைத்தபோது தோட்டத்தை விட்டுவரமாட்டேன் என்று வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து திட்டிவிட்டுப் போனதும் உங்களில் பலருக்குத் தெரியும்.

நான் அம்மாவின் வயிற்றில் பிறக்கவில்லை என்பது ரகசியமே இல்லை. அம்மாவின் அக்கா, கிணத்துக்கடவுப் பெரியம்மாவுக்கு நான் மூன்றாவது பெண். பிள்ளையில்லாத தங்கைக்கு, குலதெய்வக் கோயிலில் இரண்டு பக்கத்து உறவும் கூடியிருக்க, என்னை மடியில் வைத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதலாமா என்று அப்பா கேட்டாராம். "நம்ம புள்ளைய நம்ம ஊட்டுக்கு வாங்கறதுக்குப் பத்திரம் எதுக்குங்க? நாலு பேரு சிரிப்பாங்க" என்று தடுத்தவர் அண்ணனைப் பெற்ற பெரியப்பா. பத்திரம் எழுதினால் சொந்தத்தை நம்பவில்லை என்று ஆகிவிடும். நம்பினார்கள். அதன் பலனை நான் கோர்ட்டில் அனுபவித்தேன்.

பத்திரம் இல்லாத தத்தைத் தாசில்தார் ஏற்க முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். மகள் என்று போடாமல் மலர் அச்சடிக்க எனக்கு மனம் இல்லை. அச்சகத்தில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன்.

அண்ணனைக் கூண்டில் ஏற்றி எங்கள் வக்கீல் அவருடைய கல்யாணப் படத்தைக் காட்டினார். பேழைமூடிக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு நான் அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

"இது என்ன சீருங்க?"

"இணைச்சீருங்க."

"யாரு செய்வாங்க?"

"மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ செய்வாங்க."

"வேற கூட்டத்துப் பொண்ண நிறுத்துவீங்களா?"

அண்ணன் தன் வக்கீலைப் பார்த்தார். அவருக்கு உடன்பிறந்த பெண் இல்லை. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள்தான் எங்களுக்குள் அண்ணன் தங்கை. பெரியம்மா வீட்டுப் பெண்ணாகவே இருந்திருந்தால் நான் வேறு கூட்டம். அன்றைக்கு அவர் கூட்டத்துப் பெண்ணாக நான் தேவைப்பட்டேன். "அது சும்மா சடங்குக்குங்க" என்றார் கடைசியில். தன் கல்யாணத்தையே சும்மா என்று சொல்லத் துணிந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். அண்ணி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

படம் மட்டும் போதாது, பிள்ளையைக் கொடுத்தவர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். நடக்க முடியாத பெரியம்மாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றினோம். எதிர்த்தரப்பு வக்கீல் குரலைக் குழைத்துக்கொண்டு, "இந்தம்மா உங்க வயித்துல பொறந்தவங்கதானுங்களே?" என்றார்.

"பெத்தது நானுங்க. புள்ளை என்ற தங்கச்சிதுங்க."

"பெத்த பாசம் விட்டுப் போயிருமுங்களா?"

"பாசத்தை எதுக்குங்க கேக்கறீங்க? குடுத்துப்போட்டுத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க."

விசாரணை முடிந்து பெரியம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பெரியம்மா குடிக்காமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மணி, ஜெயிச்சா உன்ற பொறப்புச் சீட்ட மாத்துவாங்களா?"

"மாத்துவாங்க பெரியம்மா. அம்மா பேரு வரும்."

"என்ற பேரு?"

"இருக்காதுங்க."

"செரி கண்ணு. அவளுக்குத்தான குடுத்தேன்" என்றார். கிணத்துக்கடவு போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. புதிய பிறப்புச் சான்றில் தாய் என்ற இடத்தில் அம்மா பெயர் இருக்கிறது. வாங்கிய அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியம்மாவிடம் காட்டத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. ஆட்சேபணை என்று ஒரு தாள் போகாமல் இருந்திருந்தால், அவர் வாயால் அதைச் சொல்லும்படி ஆகியிருக்காது. அவர் பெயரை யாரும் எடுத்திருக்கவும் மாட்டார்கள். தோட்டத்துக்கு ஆசைப்பட்டதை மன்னிக்கலாம், ஆசை யாருக்கும் உண்டு. இதை மன்னிக்க எனக்கு வராது.

முடியாமல் போய் என் வீட்டுக்கு வந்துவிட்ட அம்மாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த துடியலூர் அக்கம்பக்கத்தாருக்கும், கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் வழக்கை நடத்திய வக்கீலுக்கும், பதிவு அறையில் பழைய தொகுதிகளை எனக்காக மறுபடி ஒருமுறை இறக்கிப் பார்த்த பெண் ஊழியருக்கும் என் கைகூப்பிய நன்றி.

நினைவு நாளன்று தோட்டத்து வீட்டில் சாப்பாடு. எல்லோரும் வர வேண்டும். அண்ணனும் வரலாம், இலை போடுவோம், வந்தவரைப் பட்டினியாக அனுப்பும் வீடு இது இல்லை. பெரியம்மா வாசல் அறையில் கட்டிலில் இருப்பார். அண்ணன் அந்த அறைக்குள் மட்டும் போக வேண்டாம். யார் வந்து நலம் கேட்டாலும், "நல்லா இருக்கீங்களா சாமி" என்று கையைப் பிடித்துவிடுவார். அவர் மன்னித்துவிடுவார். அதை நின்று பார்க்க என்னால் ஆகாது.